எத்தனை மெஷின்?

சான் ஹுவான் தெ லா மகுவானா,
பிப்ரவரி 3, 2014

அன்புள்ள எவரிஸ்தோ அண்ணனுக்கு,

நூரிஸ் எழுதுவது. இங்கே யாரும் படுக்கையில் இல்லை. உங்கள் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை விட்டீர்களா?

நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நோட்டரி அலுவலகத்துக்குச் செய்தால் ஒரு பெண், "இன்ஜினீயர் பத்திரம் எழுதிட்டிருக்காருங்க. யாரு கூப்பிட்டாலும் இல்லன்னு சொல்லச் சொன்னாரு" என்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தை சந்தியாகோ பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். அரசாங்கப் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கும் வேலையை இந்த வருடம் பெரிய கம்பெனிகளிடம் கொடுக்காமல், அந்தந்த மாகாணத்துச் சிறு தையல்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்களாம். பெண்கள் நடத்தும் கூடங்களுக்குத் தனிப் பங்கு. கூடம் என் பெயரில் இருப்பதால் அந்தச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. டெண்டர் போட்டவர்களின் கூடத்தை நேரில் வந்து பார்த்து, எத்தனை மெஷின் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி லாட், அதாவது சட்டைப் பங்கு, தருவார்களாம்.

என்னிடம் ஐந்து மெஷின். கல்யாண உடுப்பையும் பீன்ஸ் மூட்டையையும் தைத்தே காலம் போய்விட்டது. இது கிடைத்தால் கூடம் நிற்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் கதவைச் சாத்த வேண்டியதுதான். உங்களுக்கு இந்தத் தொழில் தெரியும். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

என் வீட்டுக்காரர் ராதமெஸும் நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான் எழுதுவதை எழுதுவேன்.

உங்கள் தங்கை,
நூரிஸ்


சந்தியாகோ,
பிப்ரவரி 15

அன்புத் தங்கை நூரிஸுக்கு,

உன் கடிதம் என் கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. பஸ் கம்பெனிக்காரன் பார்சல் அறையில் போட்டுவிட்டு மறந்திருக்கிறான். அவன் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன். வயிறு எரிகிறது. காப்பியை விடவில்லை.

நீ எழுதிக் கேட்டது நல்லது. அரசாங்க வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியது அதைத்தான். எந்த அதிகாரி எதைச் சொன்னாலும், அதை ஒரு வரி எழுதிக் கொடுக்கும்படி கேள். கொடுக்கவில்லையென்றால் அன்று மாலையே நீ எழுது: ‘இன்று காலை தாங்கள் சொன்னதை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்.’ இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் வரவு முத்திரை வாங்கு. வைக்க மாட்டேன் என்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்துகொள். சாப்பாட்டு வேளை நெருங்கினால் உன்னை அனுப்புவதற்காகவாவது வைப்பார்கள்.

நிபந்தனைப் புத்தகத்தை மூன்று முறை படி. மூன்றாம் முறை கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படி. முக்கியமானதை எல்லாம் அங்கேதான் ஒளித்திருப்பார்கள். முதல் உறையில் ஆவணம், இரண்டாம் உறையில் விலை. முதல் உறைக்குள் விலை எழுதிய காகிதம் ஒன்று அகப்பட்டாலும் உன் டெண்டர் அங்கேயே செத்தது. பக்கத்துக்குப் பக்கம் எண், கையெழுத்து, உன் கூடத்தின் முத்திரை. எதுவும் எழுதாத பக்கத்திலும் வை.

இன்னொன்று. உன் கணவனை எந்த அலுவலகத்துக்கும் பேச அனுப்பாதே. 2006இல் அவனை என் கம்பெனியில் சேர்த்துக்கொண்டேன். துணி வாங்குவதும் சரக்குக் கொண்டுபோவதும் அவன் பொறுப்பு. கிட்டங்கி அதிகாரி ஒருவன், "நீலம் ஒரு பிடி அடர்த்தியா இருந்தா என்னய்யா, புள்ளைங்க போட்டுக்க மாட்டேன்னா சொல்லப்போவுது?" என்றானாம். அந்த வாய்ப்பேச்சை நம்பி உன் கணவன் அந்தத் துணியை வாங்கினான். ஒப்படைக்கும் நாளில் அதே அதிகாரி, மாதிரித் துணியைப் பக்கத்தில் வைத்து, நிறம் பொருந்தவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினான். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியமும் செய்தான். கம்பெனியின் பெயரை அரசாங்க ஒப்பந்தக்காரர் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். மெஷின்கள் போயின. வீடு போயிற்று. உன் அண்ணி இவெலிஸ் பாஸ்டன் பக்கம் அவள் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இன்ஜினீயர் படிப்புப் படித்தவன் இன்று இன்னொருவனுக்காக நிலப் பத்திரம் எழுதுகிறேன்.

அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டான். மாதம் ஒருமுறை பூங்காவில் பார்க்கிறேன். வணக்கம் சொல்கிறான். நான் சொல்வதில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எவரிஸ்தோ


சான் ஹுவான்,
மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வயிற்றுக்கு நாட்டு மருந்துக்கடையில் ஒரு பட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன். கொதிக்கவைத்துக் குடியுங்கள், அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

புதன்கிழமை உறை பிரித்தார்கள். உயர்நிலைப் பள்ளி மண்டபத்தில் நாற்பது பேர், இரண்டு மின்விசிறி. நோட்டரி ஒவ்வொரு உறையாகத் தூக்கிக் காட்டி, ஒட்டு கலையவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பிரித்தார். லாஸ் மாத்தாஸிலிருந்து வந்த சிரிலோ பெரியவரின் முதல் உறையைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரியவரே, விலைப் பட்டியல் இதுக்குள்ளயே கெடக்கே?"

"தெரியாம விழுந்துருச்சுங்க ஐயா."

"விழுந்ததா? பன்னெண்டாம் பக்கம்னு நம்பர் போட்டு, சீல் குத்தி, நூல் கோத்து வச்சிருக்கீங்க!"

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பின்னாலிருந்து பக்கத்துத் தெரு கிஸ்கேயா, "நூரிஸு, உன் அண்ணன் சொன்னதை எனக்கும் சொன்னியே, உனக்குப் புண்ணியமாப் போச்சுடி. நானும் அப்படித்தான் கோத்து வச்சிருந்தேன்" என்று காதில் சொன்னாள். கிஸ்கேயாவை உங்களுக்கு நினைவிருக்காது. அவளுக்கும் ஒரு கூடம் இருக்கிறது, நான்கு மெஷின்.

என்னுடையதில் ஒரே ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது. எதுவும் எழுதாத பக்கம்தான்! அது திருத்தத்தக்க பிழை என்று சொல்லி மூன்று நாள் கொடுத்தார்கள். அன்றே ஓடிப்போய் வைத்துவிட்டு வந்தேன். மார்ச் 28 அன்று கூடத்தைப் பார்க்க வருகிறார்கள். சான் ஹுவானில் மட்டும் பதினோரு கூடங்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் மூன்று நாள் எடுக்குமாம்.

ராதமெஸ் மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தார். மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.

நூரிஸ்


சந்தியாகோ,
மார்ச் 21

நூரிஸுக்கு,

பட்டையைக் குடித்தேன். கசப்பு. எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது.

அவசரமாக எழுதுகிறேன். மூன்று நாள் பார்வையிடுகிறார்கள் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஒரு தெரு, மறுநாள் அடுத்த தெரு. மெஷின்களை வண்டியில் ஏற்றி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இறக்குவார்கள். எல்லோரும் செய்வதுதான் என்று உன்னிடம் வந்து சொல்வார்கள். நீ செய்யாதே. ஐந்து இருந்தால் ஐந்தைக் காட்டு.

அதிக மெஷின் காட்டினால் அதிக லாட் கொடுப்பார்கள். ஆனால் தைக்கும் நாளில் அந்த மெஷின்கள் உன் வீட்டில் இருக்காது. குறித்த நாளில் குறித்த எண்ணிக்கை போகாவிட்டால் உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிப்பார்கள். பிறகு எந்த அரசாங்க வாசலையும் நீ மிதிக்க முடியாது.

பார்த்துவிட்டுப் போனதும் எத்தனை மெஷின் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியப்படுத்து.

எவரிஸ்தோ


சான் ஹுவான்,
ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு ஜாடி வருகிறது. புனித வாரத்துக்குச் செய்த இனிப்பு பீன்ஸ். சர்க்கரைவள்ளிக்கிழங்கு தாராளமாகப் போட்டிருக்கிறேன். பிஸ்கட்டை மேலே வைத்தால் ஊறிவிடும் என்று தனியாகக் கட்டியிருக்கிறேன். வயிற்றுக்கு ஆகாது என்று வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கரண்டியாவது சாப்பிடுங்கள். இந்த வருடம் பீன்ஸ் விளைச்சல் நன்றாக இருக்கிறது, பாலில் கரைத்தால் வெண்ணெய் மாதிரி கரைகிறது.

பார்வையிட வந்தது யொகாஸ்தா என்ற சின்னப் பெண். மரியாதையானவள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். கட்டிங் மேசையைப் பார்த்தாள், அயர்ன் செய்யும் இடத்தைப் பார்த்தாள், காஜா எடுத்த ஒரு சட்டையைத் திருப்பிப் பார்த்து, "பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே இருக்கேக்கா" என்றாள். ஜூஸ் கொடுத்தேன், குடிக்க மாட்டேன், விதியில் இடமில்லை என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நேற்று பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சட்டை! ஆகஸ்ட் எட்டாம் தேதி ஒப்படைக்க வேண்டும். வெட்டிய துணியை மே நடுவில் தருவார்கள்.

இங்கே மழை தொடங்கவில்லை. கிஸ்கேயா உங்களை விசாரித்தாள். ஈஸ்டர் அன்று கோயிலுக்குப் போங்கள், அண்ணா. அங்கே யாரும் உங்களை ஏமாற்ற மாட்டார்கள்.

நூரிஸ்


சந்தியாகோ,
ஏப்ரல் 23

நூரிஸுக்கு,

ஜாடி வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். செருப்பு இருக்கிறது, ஜூஸ் இருக்கிறது, காஜா இருக்கிறது. நான் கேட்ட எண் மட்டும் இல்லை.

பரவாயில்லை, நானே கண்டுபிடித்தேன். ஒரு மெஷினுக்கு நாளைக்குப் பத்துச் சட்டை. வாரம் ஆறு நாள். மே நடுவிலிருந்து ஆகஸ்ட் எட்டு வரை பன்னிரண்டு வாரம். உங்கள் ஊர் மின்வெட்டுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள். ஐந்து மெஷின் என்றால் இரண்டாயிரத்து நானூறு. ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பெண்ணின் தாளில் பதினான்கு என்று எழுதியிருக்கிறது. மிச்சம் ஒன்பது யாருடையது?

இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். போடுவதற்கு முன் போய், இவ்வளவு வேண்டாம், இரண்டாயிரத்து நானூறு போதும் என்று எழுதிக் கொடு. கையெழுத்துக்கு முன்னால் என்றால் அதைப் பணிவு என்பார்கள். கையெழுத்தான பிறகு அதற்கு ஒப்பந்த மீறல் என்று பெயர். உடனே போ. போய்விட்டு எழுது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

எவரிஸ்தோ


சான் ஹுவான்,
மே 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் பயம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். துணி வந்துவிட்டது. போன திங்கட்கிழமை தைக்கத் தொடங்கினோம்.

பதினான்குதான். உங்கள் கணக்கு சரி. கிஸ்கேயாவுடையது நான்கு, அவள் நாத்தனாருடையது மூன்று, பள்ளிக்கூட டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு. மறுநாள் கிஸ்கேயா வீட்டைப் பார்க்க வந்தபோது என்னுடைய ஐந்தும் நாத்தனாரின் மூன்றும் அங்கே போயின. ஒரு மெஷினில் லிசேய் பேஸ்பால் அணியின் நீலப் புலிப் படம் ஒட்டியிருந்தது. அதை உரித்தெடுக்க யாருக்கும் தோன்றவில்லை. யொகாஸ்தா அங்கே அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னக்கா, இந்தப் புலி நேத்து நூரிஸக்கா வீட்ல இருந்துச்சு. பேஸ்பால் சீசன் முடிஞ்சும் ஊர் ஊராப் போயி ஆடுதா?"

கிஸ்கேயா அசரவில்லை. "புலிக்கு நாலு கால் இருக்கு, நடக்குது. உனக்கு எண்ணுறதுதானே வேலை? எண்ணு தாயி."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எண்ணினாள். பன்னிரண்டு என்று எழுதினாள்.

ராதமெஸ் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கே ஆசை. எல்லோரும் பத்து, பன்னிரண்டு என்று காட்டும்போது நான் மட்டும் ஐந்தைக் காட்டினால் நூறு சட்டை கூடத் தர மாட்டார்கள் என்று நினைத்தேன். முந்தின நாள் நாங்கள் மெஷின் ஏற்றும்போது அவர் வாசலில் நின்று, "உங்க அண்ணனுக்கு நடந்தது உனக்கும் நடக்கணுமா?" என்றார். "அவருக்கு நடந்தது நீங்க வாங்கின நீலத்தாலதானே, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். 2006இல் நான் கைக்குழந்தையோடு அசுவா ஊரில் இருந்தேன், உங்கள் கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை. அவர், "அதை உங்க அண்ணன்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேட்கிறேன், அண்ணா. 2006இல் உங்களிடம் எத்தனை மெஷின் இருந்தது?

நூரிஸ்


சந்தியாகோ,
ஜூன் 9

நூரிஸுக்கு,

இங்கே வெயில் கடுமை. அலுவலகத்தில் குளிர்சாதனம் கெட்டுவிட்டது. சரிசெய்ய வருகிறவன் மூன்று முறை ஏமாற்றினான்.

நடந்ததைப் பேசிப் பயனில்லை. இனி உனக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, வேறு கூடத்துக்குக் கொடுத்துத் தைப்பது. அதற்கு அமைச்சகம் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அனுமதியில்லாமல் கொடுத்தால் தையலின் நெருக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்; ஒவ்வொரு கைக்கும் ஒரு தையல். இரண்டாவது, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று முன்கூட்டியே எழுதுவது. அதை வேறு கூடங்களுக்குப் பிரித்துக் கொடுக்க அவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும். ஜூலை பத்தாம் தேதிக்கு மேல் போனால் வீண்.

தைத்ததை வாரா வாரம் எண்ணிக் கட்டு. கட்டுக்கு ஐம்பது. ஊசி முனை மழுங்கினால் உடனே மாற்று.

எவரிஸ்தோ


சான் ஹுவான்,
ஜூன் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் ஊர் வெயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் கேட்டதைப் பற்றி எழுதவில்லை. எனக்கு அந்த வித்தை தெரியும், நானும் உங்களுக்குச் செய்ததுதான்.

ஆறு வாரத்தில் ஆயிரத்து இருநூறு சட்டை ஆகியிருக்கிறது. கால் வீங்கிவிட்டது, மாற்றி மாற்றி மிதிக்கிறேன். மெஷின் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் லாட் இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

திருப்பித் தருகிறேன் என்று எழுதப்போவதாகக் கிஸ்கேயாவிடம் சொன்னேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எழுதுடி, நல்லா எழுது! ஏன் தைக்க முடியலன்னு கேப்பாங்க. மெஷின் இல்லன்னு சொல்லுவ. அப்போ அன்னிக்கு நின்னது யாருதுன்னு கேப்பாங்க. பதினோரு வீட்லயும் திரும்ப எண்ண வருவாங்க. உனக்கு யோக்கியம் வேணும்னா எங்க சோத்துல ஏன் மண்ணள்ளிப் போடுற?"

"எட்டாம் தேதி சட்டை போகலைன்னா என் பேரை அடிச்சுருவாங்களே கிஸ்கேயா."

"அடிச்சா அடிக்கட்டும். ஏதாவது காரணம் சொல்லிக்கலாம். துணி மோசம்னு சொல்லு, கரண்டு இல்லன்னு சொல்லு. யாரு தலைலயாவது போட்டுடலாம்."

அவள் சொன்னதும் எனக்கு உங்கள் நினைவு வந்தது. மன்னியுங்கள்.

ராதமெஸுக்காக நான் கேட்கவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காகக் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை நான் எழுதினால் எல்லாம் போய்விடுமா, எழுதாவிட்டால் போய்விடுமா? எனக்குத் தெரிந்தவர்களில் இந்த இடத்தில் நின்றது நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அப்படி நின்றீர்களா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். பத்தாம் தேதிக்கு முன்.

நூரிஸ்


சந்தியாகோ,
ஜூலை 3

அன்புத் தங்கை நூரிஸுக்கு,

இதை அஞ்சலில் போடாமல் பஸ் ஓட்டுநர் கையிலேயே கொடுக்கிறேன். நாளை உனக்குக் கிடைக்கும்.

ஏழு மெஷின் இருந்தது. இருபது காட்டினேன். ஒன்பதாயிரம் கொடுத்தார்கள்.

ஒப்படைக்க வேண்டிய நாளில் மூவாயிரத்து நூறு சட்டை தயாராக இருந்தது. நீலம் அடர்த்தி என்று அவர்கள் திருப்பி அனுப்பியது அந்த மூவாயிரத்து நூறைத்தான். மிச்சம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் எங்குமே இல்லை. நிறம் சரியாக இருந்திருந்தாலும் அன்று மாலையே என் பெயரை அடித்திருப்பார்கள். நிறத்தைக் காட்டி அனுப்பியதால் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு மூச்சு வந்தது, நூரிஸ். கோபம் பிறகுதான் வந்தது. காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. அதைச் சுமத்த ராதமெஸும் பக்கத்தில் நின்றிருந்தார். எழுதி வாங்காதது அவர் பிழைதான், அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் கம்பெனி செத்தது அந்தப் பிழையால் அல்ல.

பாதியில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறாயிரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கடிதமும் எழுதினேன். மூன்று வாரம் மேசையில் கிடந்தது. மாகாண அலுவலகத்துப் பியூன் வரைக்கும், இன்ஜினீயர் எவரிஸ்தோவுக்குத் தைக்க முடியவில்லையாம் என்று சிரிப்பான் என்று நினைத்தேன். கடைசியில் அதைக் கிழித்தேன். இவெலிஸ் குப்பைக்கூடை அருகே குனிந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கினாள். அவள் போனதற்கு வீடு போனது மட்டும் காரணம் என்பதுபோல் உன்னிடம் எழுதியிருந்தேன்.

நீ எழுது. எல்லாம் போகுமா என்று எனக்குத் தெரியாது; எழுதியவர்களுக்கு என்ன ஆனது என்று நான் பார்த்ததில்லை. எழுதாதவனுக்கு என்ன ஆனது என்று தெரியும்.

வரைவு ஒன்று தயார் செய்து இதனுடன் வைத்திருக்கிறேன். அதில் யார் பெயரும் இல்லை. கேட்டாலும் சொல்லாதே. ‘பார்வையிட்ட நாளில் பதினான்கு மெஷின்கள் இருந்தன. அவற்றில் எனக்குச் சொந்தமானவை ஐந்து. அவற்றைக் கொண்டு ஆகஸ்ட் எட்டுக்குள் இரண்டாயிரத்து நானூறு சட்டைகள் தைத்துக் கொடுப்பேன். பள்ளி திறக்குமுன் பிள்ளைகளுக்குச் சட்டை சேர வேண்டும் என்பதால் மீதியைப் பிறருக்குக் கொடுக்க வேண்டுகிறேன்.’ அவ்வளவே. வருத்தம், மன்னிப்பு எதுவும் சேர்க்காதே. அவை கோப்பில் ஏறாது.

இந்தக் கடிதத்தை ராதமெஸிடம் கொடு. அவர் எப்படி இருக்கிறார் என்று எழுது. முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பக்கம் வரலாம் என்று பார்க்கிறேன்.

எவரிஸ்தோ


சான் ஹுவான்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எழுதிக் கொடுத்தேன். வரவு முத்திரைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்காரர்.

"மிச்ச மெஷின் யாருது?"

"என்னுது இல்லைங்க ஐயா."

"அதான் எழுதியிருக்கீங்களே. யாருதுன்னு கேட்டேன்."

"என்னுது அஞ்சுங்க. அதுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல முடியும்."

பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுவரைக்கும் இப்படி ஒரு லெட்டர் வந்ததில்லம்மா. எந்தக் கோப்புல வைக்கிறதுன்னே தெரியல" என்றார்.

லாட்டை இரண்டாயிரத்து நானூறாகக் குறைத்தார்கள். அடுத்த வருடம் நான் டெண்டர் போடக் கூடாது. அதற்கடுத்த வருடம் போடலாம். பதிவேட்டில் பெயர் இருக்கிறது. எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நாற்பத்தெட்டுக் கட்டும் போய்ச் சேர்ந்தன. ஒரு சட்டை கூடத் திரும்பவில்லை.

கிஸ்கேயா சொன்னதும் நடந்தது. பதினோரு கூடத்திலும் திரும்ப எண்ணினார்கள். அவளுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள். நாத்தனாரும் அப்படித்தான். ஒரு வருடம் திரும்பவும் பீன்ஸ் மூட்டை தைக்க வேண்டும். அதையாவது எனக்குக் கொடுப்பார்களா என்று பார்க்கிறேன். கூடம் திறந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை ராதமெஸிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். நேற்று என்னிடம் ஒரு தாள் கேட்டார்.

வயிறு எப்படி இருக்கிறது?

நூரிஸ்


சான் ஹுவான்,
ஆகஸ்ட் 18

மச்சானுக்கு,

ராதமெஸ் எழுதுவது. எனக்கு எழுத்து அதிகம் வராது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் வலிக்கிறது.

2006இல் வெளியிலிருந்து வந்த பதின்மூன்று மெஷினையும் என் வண்டியில்தான் ஏற்றி வந்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். நூரிஸிடம் நான் சொல்லவில்லை. எங்கள் அண்ணன் இன்ஜினீயர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் வாயை நான் எதற்கு அடைக்க வேண்டும்? நீலம் என் தப்பு. அதற்கு நீங்கள் திட்டியதை வாங்கிக்கொண்டேன். மிச்சத்தையும் அதோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். உங்கள் அம்மாவின் அடக்கத்தன்று எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனீர்கள். என் பெண் பக்கத்தில் நின்றாள்.

என்றைக்காவது நீங்கள் உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டீர்கள். சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் வராத கோபம் இப்போதுதான் வருகிறது. அன்றைக்கே வந்திருக்க வேண்டியது.

கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம். நீங்கள் எட்டு வருடம் கோபமாக இருந்தீர்கள். எனக்கு டிசம்பர் முடியும்வரை போதும்.

ஜனவரியில் வாருங்கள்.

ராதமெஸ்